தனிமையை எந்த மொழியில் பாடுவது?

அருகிவரும் மொழிகளை ஆய்வோர் தாலாட்டையும் ஒப்பாரியையும் சடங்குப் பாடலையும் அக்கறையோடு பதிவுசெய்கிறோம். அதே மொழியில் ஓர் இளைஞர் மின்கிதாரைப் பிடித்துக்கொண்டு உறுமினால், அது நம் தரவில் சேர்வதில்லை. நியூசிலாந்தின் ஏலியன் வெப்பன்ரி என்னும் மெட்டல் இசைக்குழுவின் 'தூ' (2018), 'தங்கரோவா' (2021), 'தெ ரா' (2025) ஆகிய மூன்று தொகுப்புகளையும் வரிசையாகக் கேட்டபின், அந்தப் பாராமுகம் சரியன்று என்றே தோன்றுகிறது.

2010இல் இக்குழுவைத் தொடங்கியபோது ஹென்றி, லூயிஸ் டி யோங் சகோதரர்கள் பள்ளிச் சிறுவர்கள். மாவோரிவழிப் பள்ளியில் பயின்றவர்கள். அப்படியொரு பள்ளி எளிதில் வாய்த்ததன்று. 1867ஆம் ஆண்டின் சட்டம் மாவோரிக் குழந்தைகளுக்கு ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாக்கியது. 1982இல் 'மொழிக்கூடு' எனும் மழலையர் பள்ளிகள் தோன்றின. அவற்றைத் தொடர்ந்து மாவோரிவழிப் பள்ளிகள் எழுந்தன. 1987இல் மாவோரி ஆட்சிமொழியானது. ஆகவே இவ்வுறுமலின் பின்னே ஒரு தலைமுறையின் மொழிப்போராட்டம் நிற்கிறது.

முதல் தொகுப்பின் 'ரௌபது' பாடல், மாவோரி நிலங்களைப் பறிமுதல் செய்ய வழிவகுத்த 1863ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றியது. மற்றொன்று, இச்சகோதரர்களின் மூதாதையர் ஒருவர் உயிர்நீத்த 1864ஆம் ஆண்டுப் போரை நினைவுகூர்கிறது. இரண்டாம் தொகுப்பின் 'அஹி கா', ஆக்லாந்தில் ஒரு மாவோரிக் குடியிருப்பு 1952இல் காலிசெய்யப்பட்டுக் கொளுத்தப்பட்டதைப் பாடுகிறது. 'அஹி கா' என்றால் அணையாது எரியும் நெருப்பு. நிலத்தை விட்டு நீங்காது வாழ்வோரின் உரிமையைக் குறிக்கும் தொடர். அந்நிலத்தில் பிறர் மூட்டிய தீயைப் பாட இத்தலைப்பையே தேர்ந்திருக்கிறார்கள்.

உறுமலில் மொழி சிதைந்துவிடாதா எனச் சிலர் கேட்கக்கூடும். உறுமலில் முதலில் மறைவது சுருதி. மாவோரியோ சொற்பொருளைச் சுருதியால் வேறுபடுத்தும் மொழியன்று. அதில் மெய்ம்மயக்கம் இல்லை. ஒவ்வோர் அசையும் உயிரிலேயே முடிகிறது. குறில் நெடில் வேறுபாடு பொருளை மாற்றும்: 'வஹினெ' ஒரு பெண், 'வாஹினெ' பல பெண்கள். கல்லையும் காலையும் பிரித்தறிந்து வளர்ந்த தமிழ்க் காதுக்கு இது அந்நியமன்று. சிதைப்பதற்கு மாறாக, இவ்விசை அசைகளைத் தாளத்தோடு இறுகப் பிணைக்கிறது.

என்னை உறுத்துவது வேறொன்று. இத்தொகுப்புகளில் ஆங்கிலப் பாடல்களும் உண்டு. போர், நிலம், தொன்மம் ஆகியவை பெரும்பாலும் மாவோரியில் வருகின்றன. மனப்பதற்றமும் சமூக ஊடகத்தின் வெறுமையும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகின்றன. எல்லாப் பாடல்களும் இப்பிரிவுக்குள் அடங்கா. ஆயினும் போக்கு தெளிவாகவே கேட்கிறது. மூதாதையரோடு பேச ஒரு மொழி, தன்னோடு பேச இன்னொரு மொழி.

இதைக் குறையாகச் சொல்லவில்லை; இருமொழியாளரின் இயல்பான வாழ்வு அது. ஆனால் கிழக்கு மலைத்தொடரின் ஒரு சிற்றூரில், களப்பணியின்போது ஓர் இளைஞர் சொன்னது நினைவில் நிற்கிறது: "பாட்டியின் மொழி தெய்வத்துக்கு நல்லது. என் கவலையைச் சொல்ல அதில் எனக்கு வாய் வராது." அவர் தம் மொழியை வெறுக்கவில்லை, வணங்கினார். வணக்கத்துக்கு மட்டுமே எஞ்சும் மொழி அன்றாடத்திலிருந்து விலகிப்போகும் என்பதே என் அச்சம்.

ஆகவே, எந்த மொழியில் வழிபடுகிறீர்கள் என்பதோடு என் வினாநிரலில் மேலும் இரண்டைச் சேர்த்திருக்கிறேன்: கடைசியாக யாரையேனும் எந்த மொழியில் திட்டினீர்கள்? உறக்கம் வராத இரவில் உங்களோடு நீங்கள் எந்த மொழியில் பேசிக்கொள்கிறீர்கள்? களத்திற்குச் செல்லும் நண்பர்களும் கேட்டுப் பார்க்கலாம்.