உரைகல்லும் கணிப்பொறியும்

“நாளெல்லாம் பெட்டியின் முன் உட்கார்ந்து என்னலே செய்கிறாய்?” என்று கேட்டார் அப்பா. நெல்லையிலிருந்து பிழைப்புத் தேடித் திருவனந்தபுரம் வந்து, சாலைக் கடைத்தெருவில் பொன்வேலை செய்பவர் அவர். நான் காரியவட்டத்தில் பயிலும் முதுகலை மாணவன்.

“ஒளிக்குக் கூண்டு கட்டுகிறேன் அப்பா.”

அவர் சிரித்தார். ஆனால் இது நகைப்புக்குரிய செய்தி அன்று.

பனங்காடையின் இறகைப் பார்த்திருப்பீர்கள். அந்த நீலம் சாயத்தால் வந்ததன்று. இறகினுள் அமைந்த நுண்ணிய கட்டமைப்பால் வந்தது. சர் சி. வி. இராமன் 1934இல் இத்தகைய இறகு நிறங்களை ஆராய்ந்தார். அமைப்பே நிறம் தருமானால், அமைப்பை நாமே வகுத்து ஒளியை ஆளலாகாதா? 1987இல், கேரளத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த சஜீவ் ஜானும் அமெரிக்க அறிஞர் எலி யாப்லனோவிச்சும் தனித்தனியே அதற்கு வழி கண்டனர். ஒரு பொருளில் துளைகளைத் தக்க ஒழுங்கில் அடுக்கினால், குறிப்பிட்ட அலைநீள ஒளி எத்திசையிலும் அதனுள் செல்லாது. இதுவே ஒளித்தடை. ஓரிடத்தில் மட்டும் ஒழுங்கைக் குலைத்தால், ஒளி அங்கே சிறைப்படும். ஒளித்துகளை ஒவ்வொன்றாக வெளியிடும் குவாண்டம் கருவிகளுக்கு இச்சிறை பயன்படுகிறது. துளைகளின் இடைவெளியோ மில்லிமீட்டரில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு! செய்து செய்து பார்க்கப் பொருளும் காலமும் போதா. ஆகவே முதலில் கணிப்பொறியில் வடிவமைக்கிறோம்.

என் கணிப்பொறி ஒருநாள் அகன்ற தடையொன்றைக் காட்டியது. துள்ளிக் குதித்தேன். அந்தப் படத்தை நம்பி உதவித்தொகைக்கு விண்ணப்பமும் எழுதினேன். அனுப்புவதற்கு முந்திய இரவு, கணக்கில் சேர்க்கும் அலைகளின் எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்தேன். தடை குறுகியது. மேலும் கூட்டினேன், மறைந்தே போயிற்று.

பழைய படத்தையே அனுப்பினால் யாருக்குத் தெரியும்?

வீட்டுத் திண்ணையில் அப்பா ஒரு சங்கிலியை உரைகல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார். “பார்வைக்குப் பத்தரைமாற்றுதான். கல்தான் ஒத்துக்கொள்ளவில்லை” என்றார். பழகிய வாடிக்கைக்காரரின் நகை அது. மறுநாள் அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டார்.

யாப்லனோவிச்சின் கதை நினைவுக்கு வந்தது. முழுத்தடை கிடைத்ததாக 1989இல் அவர் குழு அறிவித்தது. அந்த அமைப்பில் முழுத்தடை இல்லையென்று 1990இல் கணக்கு காட்டியது. ஹோ, சான், சுகூலிஸ் மூவரும் வைரத்தின் அணுவடுக்கைப் போன்ற அமைப்பில் அது உண்டென்று கணித்தனர். யாப்லனோவிச் சோர்ந்துவிடவில்லை. 1991இல், செங்குத்திலிருந்து 35 பாகை சாய்வாக மூன்று திசைகளில் துளையிட்டு, நுண்ணலைகளுக்கு உண்மையான தடையைச் செய்து காட்டினார். பிழையை ஒப்புக்கொண்ட இடத்தில்தான் அவருக்கு வழி திறந்தது!

நான் விண்ணப்பத்தை அனுப்பவில்லை. இவ்வாண்டு உதவித்தொகை இல்லை. கருத்தரங்கில் இரு படங்களையும் அருகருகே வைத்துக் காட்டினேன்.

“கூண்டு என்னாயிற்று?” என்றார் அப்பா.

“கல் ஒத்துக்கொள்ளவில்லை அப்பா.”

இம்முறை அவர் சிரிக்கவில்லை. “அப்படியானால் மறுபடி உருக்கு” என்றார்.

உருக்கிக்கொண்டிருக்கிறேன், தோழர்களே.