பருத்தி எழுப்பிய கோபுரம்

எறையூர்ப் பக்கத்துக் கரிசலில் பருத்தி வெடித்துவிட்டால் நமது வகுப்பில் பாதிப் பெஞ்சுகள் காலியாகிவிடும். நாம் உபாத்தியாயர் உத்தியோகத்தில் புதிதாக அமர்ந்த வருஷங்களில் அது பெரிய மனத்தாங்கல். பருத்திக்கும் படிப்புக்கும் ஜன்மப் பகை என்றே எண்ணியிருந்தோம். கோடை விடுமுறையில் மும்பைக்குப் போய், அங்குள்ள சர்வகலாசாலையின் ராஜாபாய் கோபுரத்தைக் கண்ட பிறகு அந்த எண்ணம் சற்றே ஆட்டங்கண்டது.

ஓவல் மைதானத்தில் நின்று அண்ணாந்து பார்த்தோம். 280 அடி உயரம்! கட்டிய காலத்தில் அந்நகரில் அதை மிஞ்சிய கட்டடம் கிடையாது. அடியில் புத்தகசாலை, உயரே கடிகாரம், மேற்கு இந்தியாவின் பல ஜாதியாரைக் குறிக்கும் சிலைகளும் உண்டு. உள்ளே சுழற்படிக்கட்டு இருக்கிறது. ஆனால் ஏற விடுவதில்லை.

இதற்குப் பணம் வந்த கதைதான் விசேஷம். 1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. லங்காஷயர் ஆலைகளுக்கு அங்கிருந்து பஞ்சு வருவது தடைப்பட்டது. இந்தியப் பஞ்சுக்கு யோகம் அடித்தது; பம்பாயில் பணம் மழையாய்ப் பொழிந்தது. அம்மழையில் நனைந்தவர்களில் முதல்வர் பிரேம்சந்த் ராய்சந்த் என்னும் வியாபாரி. 1864-ல் அவர் புத்தகசாலைக்கென 2 லட்சமும், கோபுரத்துக்கென மேலும் 2 லட்சமும் ரூபாய் வழங்கினார். கோபுரத்துக்குத் தம் தாயாரின் பெயர் வேண்டுமென்பதே அவர் விருப்பம்.

1865-ல் யுத்தம் ஓய்ந்தது. பஞ்சு விலை சரிந்தது, பங்குப் பத்திரங்கள் வெறுங் காகிதமாயின, பிரேம்சந்தும் கவிழ்ந்தார். கொடுத்த தர்மம் மட்டும் கவிழவில்லை. 1869-ல் அஸ்திவாரமிட்டு, 1878-ல் வேலை பூர்த்தியாயிற்று.

ராஜாபாய் அம்மையாருக்குக் கண்பார்வை இல்லையாம். ஜைனர்கள் அஸ்தமனத்துக்கு முன்பே உண்பவர்கள். மணியோசை கேட்டு அவர் வேளையறிந்தார் என்று சொல்வதுண்டு.

படம் வரைந்த கில்பர்ட் ஸ்காட் துரை இந்திய மண்ணை மிதித்தவரே அல்லர். ஒரு காலத்தில் இக்கடிகாரம் இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் கீதத்தையும் இசைத்ததாம். பணம் நம்முடையது, வாழ்த்து அவர்களுக்கு! இப்போது மணி மட்டும் அடிக்கிறது; நமக்கு அது போதும்.

2015-ல் கோபுரத்தைப் பழுது பார்த்துப் புதுப்பித்தார்கள். கொடையாளியின் தாயார் பெயரை ஊரே அறியும். அந்தப் பஞ்சை வெயிலில் குனிந்து பறித்த தாய்மார்களைப் பற்றி ஒரு கல்லெழுத்தாவது தென்படுமா என்று சுற்றிச் சுற்றித் தேடினோம். நம் கண்ணில் ஒன்றும் படவில்லை. மணி ஆறு அடித்தது. ஊருக்கு ரயிலேற நேரமாகிவிட்டது.