பாலை வழிக்கு எத்தனை கலன்?

“கட்டுச்சோறு எத்தனை நாளைக்கு?” என்று கேட்பார்கள் நம் பெரியவர்கள். வழி நெடுகக் கடையும் வீடும் உள்ள நம் நாட்டில் அந்தக் கேள்வி பெரிதாக உறைப்பதில்லை. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகிறவர் வழியில் எத்தனையோ எரிபொருள் நிலையங்களைக் கடக்கிறார். ஆனால் ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒரு கடையோ, ஒரு பெற்றோல் நிலையமோ இல்லாத பாதையும் இந்த உலகில் உண்டு. அங்கே வாகனத்துக்கும் கட்டுச்சோறு கட்டவேண்டும். அதைச் சரியாகக் கணக்கிட்டுக் கட்டுவதில்தான் பயணிகளின் உயிரே தங்கியிருக்கிறது.

அவுஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியில், தெற்கே விலூனா என்ற சிற்றூரிலிருந்து வடக்கே ஹோல்ஸ் கிறீக் வரை செல்லும் ‘கனிங் ஸ்டொக் ரூட்’ என்னும் மாட்டு வழிதான் அது. நீளம் ஏறக்குறைய 1850 கிலோமீற்றர். இடையிலே சுமார் 900 மணல் மேடுகள். நான்கு சில்லுகளும் இழுக்கும் வாகனத்தில் போனாலும் இரண்டு மூன்று வாரங்கள் பிடிக்கும். சகோதரிகளே, வாருங்கள், அந்த வழியில் நாமும் ஒரு தடவை மனத்தால் பயணம் செய்து வருவோம்.

கிணறுகளால் ஆன பாதை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த நாட்டின் தென்பகுதித் தங்கச் சுரங்கங்களில் இறைச்சிக்குத் தட்டுப்பாடு இருந்தது. வடக்கே கிம்பர்லிப் பகுதியில் மாடுகள் இருந்தன. ஆனால் அந்த மாடுகளில் உண்ணி இருந்தபடியால் கப்பலில் ஏற்றத் தடை வந்தது. வறண்ட பாலைவனத்தின் வழியே நடத்திச் சென்றால் உண்ணி செத்துவிடும் என்று கருதினார்கள். 1906இல் அல்பிரட் கனிங் என்ற நில அளவையாளர் வழி தேடிப் புறப்பட்டார். 1908 முதல் 1910 வரை, மாடுகள் ஒரு நாளில் நடக்கக்கூடிய தூரத்துக்கு ஒன்றாகச் சுமார் ஐம்பது கிணறுகள் வெட்டப்பட்டன.

தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கனிங்குக்கு எப்படித் தெரிந்தது? அந்த மண்ணின் மக்களிடமிருந்துதான். அவர்கள் விரும்பிக் காட்டவில்லை. ஆதிக்குடிகளைப் பிடித்துச் சங்கிலியால் கட்டி, தண்ணீர் இருக்கும் இடத்தைக் காட்டச் செய்தார்கள். தாகம் எடுக்கட்டும் என்று உப்பிட்ட இறைச்சியைக் கொடுத்ததாகவும் குற்றச்சாட்டு எழுந்தது. குழுவில் சமையற்காரராக இருந்தவரே முறைப்பாடு செய்தார். 1908இல் விசாரணை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. கனிங் குற்றமற்றவர் என்று அது தீர்ப்பளித்தது. ஊற்றுகளை இழந்த மக்கள் சில கிணறுகளை உடைத்தார்கள். 1911இல் முதன்முதல் மாடு ஓட்டி வந்தவர்களில் சிலர் கொல்லப்பட்டார்கள். கடைசி மாட்டு மந்தை 1959இல் நடந்தது. பிறகு பாதை மணலுக்குள் மறைந்து கிடந்தது. 1968இல்தான் மூன்று நில அளவையாளர்கள் அதன் முழு நீளத்தையும் முதன்முதலாக வாகனத்தில் கடந்தார்கள்.

மாடுகளுக்குக் கிணறு போதும். வாகனத்துக்குக் கிணற்றில் டீசல் ஊறுமா?

தகரமும் கலனும்

எரிபொருளைச் சுமந்து செல்வது என்றதும் ‘ஜெரி கான்’ என்ற இரும்புக் கலன்தான் நினைவுக்கு வரும். நம் ஊர்க் கராஜ்களிலும் இராணுவ வாகனங்களிலும் இதைக் கண்டிருப்பீர்கள். அதன் கதை சுவையானது.

நம் பாட்டிமார் வீட்டில் நான்கு கலன் கொள்ளும் மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்று இருந்திருக்கும். எண்ணெய் தீர்ந்ததும் மேல்பக்கத்தை வெட்டி, தடி ஒன்றைப் பொருத்தித் தண்ணீர் அள்ளுவார்கள். இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது வட ஆபிரிக்கப் பாலைவனத்தில் பிரித்தானியப் படை பெற்றோலைக் கொண்டுபோனதும் இத்தகைய மெல்லிய நான்கு கலன் தகரங்களில்தான். லொறி குலுங்கும்போது அவற்றின் ஒட்டு விட்டுப்போகும். கிடங்கிலிருந்து போர்முனைக்குப் போவதற்குள் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டிய எரிபொருள் ஒழுகிப்போனது என்று கணக்கிட்டார்கள்.

ஜேர்மனியரிடம் இருந்ததோ 1937இல் வடிவமைக்கப்பட்ட 20 லீற்றர்க் கலன். இரண்டு தகடுகளை அழுத்தி உருவாக்கி ஒன்றாகப் பற்றவைத்தது. பக்கங்களில் உள்ள பள்ளமான கோடுகள் தகட்டுக்கு வலுக் கொடுக்கின்றன. வெயிலில் எரிபொருள் விரியும்போது இடமும் கொடுக்கின்றன. மூடியைத் திறக்கச் சாவி வேண்டாம், நெம்பினால் போதும். கைபிடிகள் மூன்று. ஏன் மூன்று? நிறைந்த கலனை ஒருவர் நடுப்பிடியில் தூக்கலாம். இருவர் ஆளுக்கொரு ஓரப்பிடியைப் பிடித்துச் சுமக்கலாம். வெறுங் கலன்களை ஒரு கையில் இரண்டாகக் கொண்டுபோகலாம்.

இந்தக் கலனின் இரகசியம் வெளியே வந்ததற்கும் ஒரு தரைவழிப் பயணமே காரணம். 1939இல் போல் பிளீஸ் என்ற அமெரிக்கப் பொறியியலாளர், தம் ஜேர்மன் நண்பருடன் பேர்லினிலிருந்து இந்தியாவுக்குக் காரில் புறப்பட்டார். அவசரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக ஏற்ற பாத்திரம் இல்லை. நண்பர் பேர்லின் விமான நிலையக் களஞ்சியத்திலிருந்து மூன்று கலன்களை எடுத்துவந்தார். வழியில் நண்பர் திரும்ப நேர்ந்தபோது, கலன் செய்யும் முறை முழுவதையும் பிளீசிடம் சொல்லிவிட்டுப் போனார். பிளீஸ் கல்கத்தா வரை போய்ச் சேர்ந்தார். அமெரிக்க இராணுவத்திடம் அவர் இதை எடுத்துச் சொன்னபோது உடனே யாரும் காது கொடுக்கவில்லை. போர் வந்த பிறகுதான் அருமை தெரிந்தது. ஜேர்மனியரைப் பிரித்தானியப் படையினர் ‘ஜெரி’ என்று பட்டப்பெயரால் அழைப்பார்கள். அதுவே கலனுக்கும் பெயரானது.

கணக்குப் போடுவோம்

இனி நம் பயணத்துக்கு வருவோம். விலூனாவிலிருந்து புறப்பட்டால் 33ஆம் கிணற்றுக்கு அருகே குனாவரிச்சி என்ற ஆதிக்குடிக் கிராமம் வரும். வழியில் எரிபொருளுக்கு நம்பியிருக்கும் இடம் அதுவே. விலூனாவிலிருந்து தூரம் சுமார் ஆயிரம் கிலோமீற்றர். முன்பெல்லாம் பயணிகள் சொல்லிவைத்தால் 23ஆம் கிணற்றடிக்கு லொறியில் 200 லீற்றர் பரல்களைக் கொண்டுவந்து இறக்கிவிடுவதும் உண்டு.

தார் வீதியில் 100 கிலோமீற்றருக்கு 12 லீற்றர் குடிக்கும் பாரமான டீசல் ஜீப், மணலில் 20 லீற்றர் வரை குடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் கிலோமீற்றருக்கு 200 லீற்றர். வழி தவறலாம், வெள்ளம் நின்றால் சுற்றிப் போகவேண்டும், ஏற முடியாத மேட்டில் நான்கு தடவை பின்வாங்கி ஏறவேண்டி வரலாம். அதற்காகக் காற்பங்கு கூடுதலாக, 50 லீற்றர். ஆக 250 லீற்றர் தேவை. வாகனத்தின் தாங்கிகளில் 180 லீற்றர் கொள்ளுமானால், துண்டு விழுவது 70 லீற்றர். எனவே 20 லீற்றர்க் கலன் நான்கு வேண்டும்.

மாதச் சாமான் கணக்குப் போடத் தெரிந்த எந்தப் பெண்ணுக்கும் இது சிரமமான கணக்கல்ல. ஆனால் இங்கே பாரத்தையும் பார்க்கவேண்டும். ஒரு லீற்றர் டீசல் ஏறக்குறைய 840 கிராம். வெறுங் கலன் நான்கு கிலோவுக்கு மேல். எனவே நிறைந்த கலன் ஒன்று 21 கிலோ. நான்கும் சேர்ந்தால் 84 கிலோ. இதோடு தண்ணீர், உணவு, கூடாரம், மேலதிக ரயர். பாரம் கூடக் கூட எரிபொருளும் கூடச் செலவாகும். பயத்தில் அளவுக்கு மீறி ஏற்றுவதும் ஆபத்துத்தான். ரயர்க் காற்றை 18 இறாத்தல் அளவுக்குக் குறைத்தால் சக்கரம் மணலில் புதையாமல் மிதந்து போகும், எரிபொருளும் மிச்சமாகும்.

எங்கே வைப்பது?

வாகனத்தின் கூரையில் வைப்பதே சுலபமாகத் தோன்றும். ஆனால் உயரத்தில் பாரம் ஏறினால் சரிவான மேட்டில் வாகனம் கவிழ இலகுவாகிவிடும். கூரை தாங்கும் எடைக்கும் ஓர் எல்லை உண்டு. வேறு வழியின்றி மேலே வைத்தால், தாங்கியில் இடம் கிடைத்தவுடன் அந்தக் கலன்களை முதலில் ஊற்றித் தீர்த்துவிடவேண்டும். பின்பக்கத்தில் தொங்கவிட்டால் மோதலில் நசுங்கும். ஆட்கள் இருக்கும் பகுதிக்குள் பெற்றோலை வைக்கவே கூடாது. அதன் ஆவி தலைசுற்ற வைக்கும், ஒரு பொறி பட்டால் பற்றும். வாகனத்தின் அடியில் பெரிய தாங்கி பொருத்துவது பாரத்தைத் தாழ்வாக வைக்கும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே தாங்கியில் வைத்திருந்து அதில் ஓட்டை விழுந்தால் எல்லாமே போய்விடும். இரண்டு மூன்றாகப் பிரித்து வைப்பதே புத்தி.

நிரப்பும்போது கலனை வாகனத்திலிருந்து இறக்கித் தரையில் வைத்தே நிரப்பவேண்டும். வாகனத்தில் இருந்தபடி நிரப்பினால் நிலைமின்னேற்றம் தங்கிப் பொறி பறக்கக்கூடும். விளிம்பு வரை நிரப்பாமல் விரிவதற்கு இடம் விடவேண்டும். குழாயை வாயால் உறிஞ்சி இழுக்கக் கூடாது. பெற்றோலா, டீசலா, தண்ணீரா என்பதைக் கலனில் பெரிய எழுத்தில் எழுதிவைக்கவேண்டும். இந்தப் பாலையில் ஸ்பினிபெக்ஸ் என்றொரு முட்புல் உண்டு. அதன் காய்ந்த விதைகள் வாகனத்தின் அடியில் சேர்ந்து, புகைக்குழாயின் சூட்டில் பற்றிக்கொள்ளும். பெற்றோல் வாகனங்களுக்கு இந்த ஆபத்து அதிகம். ஆகவே அடிக்கடி நிறுத்திக் குனிந்து பார்த்துப் புல்லை அகற்றுவது அங்கே நாளாந்த வேலை.

இந்தக் கவனங்களில் பல நம் வீட்டுக்கும் பொருந்தும். 2022இல் எரிபொருள் வரிசையில் நின்ற நாட்களை நாம் மறக்கவில்லை. கலன்களில் நிரப்பித் தருவதற்கு அப்போது தடை வந்தது. அதற்குள் கிடைத்ததையெல்லாம் பிளாஸ்டிக் போத்தல்களிலும் வாளிகளிலும் குசினி மூலையில் பதுக்கியவர்களும் இருந்தார்கள். அடுப்பெரியும் வீட்டில் திறந்த பெற்றோல் என்பது நெருப்பை மடியில் கட்டிக்கொள்வதற்குச் சமம்.

தாய்மார் கேட்ட எரிபொருள்

குனாவரிச்சியில் பெற்றோல் நிரப்பிய பயணிகள் ஒரு புதுப் பெயரைக் கேட்டதுண்டு. ‘ஓபல்’. பாலைவனக் கிராமங்களில் நீண்ட காலமாக ஒரு கொடுமை இருந்தது. வேலையும் வழியும் அற்ற பிள்ளைகள் போதைக்காகப் பெற்றோலை முகர்ந்தார்கள். மூளை பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் முடங்கியவர்களும் உண்டு, இறந்தவர்களும் உண்டு. மத்திய பாலைவனத்தில் 1980இல் ஆதிக்குடிப் பெண்கள் தொடங்கிய என்.பி.வை. மகளிர் பேரவை இதற்கு எதிராக ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரும் பேத்தி பேரன்களை வளர்த்த பாட்டிமாரும் அரசாங்கத்தின் கதவைத் தட்டினார்கள். போதை தரும் சேர்மங்களை மிகவும் குறைத்துச் செய்யப்பட்ட ஓபல் பெற்றோல் 2005இல் வந்தது. வாகனம் அதில் வழக்கம்போலவே ஓடும். ஆனால் முகர்ந்தால் போதை ஏறாது. அது கிடைத்த கிராமங்களில் அந்தப் பழக்கம் பெருமளவு குறைந்தது. 2013இல் இதற்கெனச் சட்டமும் இயற்றப்பட்டது.

இப்போது நினைத்துப் பாருங்கள். நகரத்திலிருந்து சாதாரணப் பெற்றோலைக் கலன்களில் கட்டிக்கொண்டு வரும் பயணி, அதைப் பூட்டாமல் கிராமத்தோரம் நிறுத்திவிட்டுத் தூங்கினால், அந்தத் தாய்மாரின் பல்லாண்டுப் போராட்டம் ஓர் இரவில் வீணாகலாம். அதனால்தான் ஆதிக்குடிக் கிராமங்களுக்குப் போகிறவர்கள் கூடியவரை டீசல் வாகனத்தில் வருவது நல்லது. பெற்றோல் கொண்டுவந்தால் பூட்டிவைக்கவேண்டும். அங்கே போதை தராத பெற்றோல் விற்றால் அதையே வாங்கவேண்டும். அனுமதிச் சீட்டு இல்லாமல் அவர்களின் நிலத்துக்குள் நுழைவதும் தவறு. வெள்ளத்தாலும் நில உரிமையாளரின் முடிவாலும் பாதையின் சில பகுதிகள் மூடப்படுவது உண்டு என்பதால், புறப்படுமுன் விசாரிப்பது அவசியம்.

இந்த மக்களின் ஓவியங்கள் 2010இல் கன்பராவின் தேசிய நூதனசாலையில் ‘யிவாரா குஜு’ என்ற பெயரில் காட்சிக்கு வைக்கப்பட்டன. ‘ஒரே பாதை’ என்பது அதன் பொருள்.  அந்த ஓவியங்களில் ஊற்றுகளுக்கு அவர்களின் முன்னோர் வைத்த பெயர்கள் இடம்பெறுகின்றன. ‘ஏமாற்ற ஏரி’ என்று வெள்ளையர் பெயரிட்டிருந்த உப்பு ஏரிக்கும் 2020இல் ‘கும்புபின்டில்’ என்ற பழைய பெயர் திரும்பக் கிடைத்தது.

எரிபொருள் எவ்வளவு இருந்தாலும் பாலையில் அறிவு வேண்டும். 1986 டிசம்பரில், மாட்டுப் பண்ணைகளில் வேலை செய்த 16, 17 வயதுப் பையன்கள் இருவரின் வாகனம் பெரு மணற் பாலைவனத்தில் புதைந்தது. அதை விட்டு நடந்தவர்களின் உடல்கள் 1987 ஏப்ரலில்தான் கண்டெடுக்கப்பட்டன. வாகனம் நின்றுவிட்டால் அதன் நிழலை விட்டு நகராதே என்பது அங்கே முதற் பாடம். தண்ணீர், தொடர்பு கொள்ளும் கருவி, திரும்பும் நாளை அறிந்த ஓர் ஆள் – இவை மூன்றும் எரிபொருளுக்குச் சமம்.

நம்மில் எத்தனை பேர் அந்தப் பாலைக்குப் போகப்போகிறோம்? ஆனால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வானில் தூரம் புறப்படும் நாள் எல்லோருக்கும் வரும். “எண்ணெய் அடித்தாச்சா?” என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள் சகோதரிகளே. எத்தனை கிலோமீற்றர், எத்தனை லீற்றர், அடுத்த நிலையம் எங்கே, தண்ணீர் எவ்வளவு என்று நீங்களே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கணக்குத் தெரிந்த ஒருவர் வாகனத்தில் இருந்தால் மற்ற எல்லோரும் நிம்மதியாகத் தூங்கலாம்.