போய்வரும் வண்டி

தமிழர் விடைபெறும்போது ‘போகிறேன்’ என்பதில்லை. ‘போய்வருகிறேன்’ என்றே சொல்வர். போதலோடு மீளுதலையும் ஒருசேரச் சொன்னாலன்றி வீட்டிலுள்ளோர் மனம் அமைவதில்லை. புறநகர் வாழ்வோரைக் காலையில் ஏற்றிச் சென்று மாலையில் வீடு சேர்க்கும் மின்சார வண்டி, இச்சொல்லையே தன் தொழிலாகக் கொண்டது எனலாம்.

யப்பானில் 1963ஆம் ஆண்டு தோன்றிய 103ஆம் தொடர் வண்டி இதற்குத் தக்க சான்றாகும். 1984 வரையில் இதன் 3,447 பெட்டிகள் கட்டப்பட்டன. மிகு வேகம் இதன் நோக்கமன்று. அடுத்தடுத்துள்ள நிலையங்களில் நின்று, விரைந்து புறப்படுதலே நோக்கம். மோட்டார்கள் பல பெட்டிகளின் அடியிற் பகிர்ந்து பொருத்தப்பட்டன. ஒவ்வொரு பெட்டியின் இரு பக்கங்களிலும் நந்நான்கு அகன்ற கதவுகள் அமைந்தன. தொடரின் இரு முனைகளிலும் சாரதியின் அறை உண்டாகையால், வந்த வண்டி இயந்திரத்தை மாற்றாமலே திரும்பிச் செல்லும். டோக்கியோவின் யமனோத்தே வட்டப்பாதைக்கு இளம்பச்சை, சூவோ பாதைக்குச் செம்மஞ்சள் என நிறங்கள் வகுக்கப்பட்டமையால், பெயர்ப்பலகையை வாசியாதவரும் தம் வண்டியை இனங்காண முடிந்தது.

தமிழகமும் இப்பயனை முன்னரே அறிந்ததுண்டு. 1931ஆம் ஆண்டு சென்னைக் கடற்கரை நிலையத்திற்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார வண்டி ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ 29 கிலோமீற்றர் நீளமுள்ள அப்பாதை துறைமுகத்தின் அருகிலேயே தொடங்குகின்றது. வழியிலிருந்த ஊர்கள் நகரோடு இணைந்து வளர்ந்தமைக்கு அதுவும் ஒரு காரணமாயிற்று.

திருகோணமலையிலும் துறைமுகத்தின் அருகே ஓர் இருப்புப்பாதை உண்டு. 1927ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அது, சீனன்குடா, தம்பலகாமம், கந்தளாய் வழியாகக் கல்ஓயாச் சந்திக்குச் சென்று, அப்பால் கொழும்புப் பாதையோடு கூடுகின்றது. ஆயின், அது நெடுந்தூரப் பயணிக்கும் சரக்குக்குமே பெரிதும் பயன்படுகின்றது. நாளொன்றுக்கு ஓடும் வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்நகர முதியோர்க்கு யப்பான் என்றதும் 1942 ஏப்ரல் 9ஆம் நாளின் குண்டுவீச்சு நினைவுக்கு வரும்; இளையோர்க்கு டோக்கியோ என்பது இங்குள்ள சீமெந்துத் தொழிற்சாலையின் பெயர். அந்நாட்டுச் சாதாரணத் தொழிலாளி அன்றாடம் துய்க்கும் நன்மையோ இங்கு வந்து சேரவில்லை.

இதனால் விளையும் இழப்பு கணக்கேடுகளில் தோன்றுவதன்று. கந்தளாய் இளைஞன் ஒருவனுக்குத் துறைமுகப் பகுதியில் வேலை கிடைத்தால், இடைத்தூரம் ஏறத்தாழ 40 கிலோமீற்றரேயாயினும், கடைசிப் பேருந்தின் நேரமே அவனுடைய வாழ்வை வகுக்கின்றது. அவன் நகரில் அறையெடுத்துத் தங்கினால் சம்பளத்தின் ஒரு பகுதி வாடகையாகக் கரையும். இருட்டுமுன் வீடு திரும்ப வழியில்லாத தொழிலுக்கு மகளை அனுப்பப் பெற்றோர் தயங்குவர்; அவள் கற்ற கல்வி வீட்டிலேயே அடங்கிவிடும். போய்வர இயலாதவிடத்து, போதல் அல்லது இருத்தல் என்னும் இரண்டே எஞ்சுகின்றன. ஊர்கள் தம் பிள்ளைகளை இவ்வாறே இழக்கின்றன.

திருகோணமலை டோக்கியோவன்று, மின்கம்பி இழுக்கும் பெருஞ்செலவை ஈடுசெய்யும் சனத்தொகை இங்கில்லை என்பார் கூற்றில் உண்மையுண்டு. இலங்கையில் எப்பாதையிலும் மின்சார வண்டி இதுகாறும் ஓடவில்லை. ‘புகையிரதம்’ என்னும் பெயர் இன்னும் பொருத்தமாகவே உளது. ஆயினும் 1970களில் யப்பானின் ஹிற்றாச்சி நிறுவனம் கட்டியளித்த டீசல் தொடர்வண்டிகள் கொழும்புப் புறநகர் மக்களைப் பல்லாண்டுகள் சுமந்தன. அவையும் இரு முனைகளிலும் சாரதி அறை கொண்டவையே. எனவே முதற்கண் வேண்டுவது மின்சாரமன்று. காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக, நேரந்தவறாது குறுந்தூரம் ஓடும் இரு வண்டிகளே. பாதை ஏலவே கிடக்கின்றது. அதன்மேல் உள்ளூர் மக்களின் நாளொழுங்குக்கு ஏற்ற ஒரு நேரசூசியை வகுத்தல் மனிதர் தீர்மானிக்கக்கூடிய காரியமேயாம்.