நார்த்தாமலையில் நிமிர்ந்து பார், குனிந்து பார்!

புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போகும் சாலையில் அரை மணி நேரம் போனால் நார்த்தாமலை. மலை என்றால் காடும் குளிரும் எதிர்பார்க்க வேண்டாம். யானைகள் படுத்துக் கிடப்பதுபோல மொட்டைப் பாறைகள்தான். காலை எட்டு மணிக்குள் ஏறிவிட வேண்டும். வெயில் ஏறினால் பாறையில் கால் வைக்க முடியாது.

மேலமலையில் விஜயாலய சோழீச்சரம் மேற்குப் பார்த்து நிற்கிறது. வெளியே சதுரம், உள்ளே வட்டக் கருவறை. சுற்றிலும் சின்னச் சின்னக் கோயில்கள். எதிரே இரண்டு குடைவரைகள். அதில் ஒன்றான சமணர் குடகில் பன்னிரண்டு திருமால் உருவங்கள் ஆளுயரத்துக்கு வரிசையாக நிற்பதைப் பார்த்தால், ஏறி வந்த களைப்பு போய்விடும்.

ஒரு ஞாயிறு காலை, பேரனும் தாத்தாவும் அங்கே நின்றிருந்தபோது வானம் அதிர்ந்தது.

“தாத்தா, சத்தம் இங்கதான் கேக்குது. ஃபிளைட்டக் காணோமே?”

“சத்தம் வர்ற இடத்துல தேடாதடா. அதுக்கு முன்னால பாரு.”

தாத்தா சொன்னது சரி. ஆறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து சத்தம் தரைக்கு வந்து சேர 18 விநாடி போல ஆகும். அதற்குள் போர் விமானம் நாலு கிலோமீட்டர் தாண்டியிருக்கும்.

இங்கிருந்து தஞ்சாவூர் விமானப்படைத் தளம், பறவை பறக்கும் கணக்கில் சுமார் 45 கிலோமீட்டர். 2020 ஜனவரி 20 அன்று அங்கே ‘டைகர்ஷார்க்ஸ்’ எனப்படும் 222-வது படைப்பிரிவு, சுகோய்-30 எம்.கே.ஐ. விமானங்களோடு தொடங்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் சுகோய் படைப்பிரிவு அதுதான்.

பேரன் வீட்டுக் கம்ப்யூட்டரில் போர் விமான சிமுலேட்டர் ஓட்டுகிறவன். அவனுக்கு ஒரு தீராத எரிச்சல் உண்டு. ரேடார் திரையில் எதிரி தெரிவான். கொஞ்ச நேரத்தில் காணாமல் போவான். பிறகு எங்கிருந்தோ ஒரு ஏவுகணை வந்து விழும். புதிதாக ஓட்டுகிற எல்லோரும் இப்படித்தான் சாகிறார்கள்.

குற்றம் திரையில் இல்லை. அந்தத் திரை மேலேயிருந்து பார்க்கும் வரைபடம் போன்றது. எதிரி இடதா, வலதா, எத்தனை தூரம் என்று காட்டும். உயரத்தைப் படமாகக் காட்டாது. ரேடாரோ வானம் முழுவதையும் பார்ப்பதில்லை, ஒரு துண்டு வானத்தைத்தான் துழாவுகிறது. அந்தத் துண்டை மேலே தூக்கவும் கீழே இறக்கவும் ஒரு திருகு இருக்கும். திரையின் ஓரத்தில் மேலும் கீழும் நகரும் சின்னக் குறி, ரேடார் எந்தக் கோணத்தில் பார்க்கிறது என்று சொல்லும்.

மலை விளிம்புக்கு வந்து நேராகப் பார்த்தால் தொடுவானம் வரை தெரியும். அடிவாரத்து முத்துமாரியம்மன் கோயிலைப் பார்க்கத் தலையைக் குனிய வேண்டும். கிட்டே இருக்கிற பொருளுக்கு அதிகம் குனிய வேண்டும், தூரத்துக்குக் கொஞ்சம் போதும். ரேடார் கணக்கும் இதேதான்.

நீங்கள் 6 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறீர்கள். எதிரி 1 கிலோமீட்டர் உயரத்தில், 60 கிலோமீட்டர் தள்ளி வருகிறான். ரேடார் சுமார் 5 டிகிரி குனிந்தால் சிக்குவான். அவன் 30 கிலோமீட்டருக்கு வந்துவிட்டால் ஏறக்குறைய 10 டிகிரி குனிய வேண்டும். திருகைத் தொடாமல் இருந்தால் அவன் ரேடார் பார்வைக்குக் கீழே நழுவிவிடுவான். திரை காலியாக இருக்கும், வானம் காலியாக இருக்காது.

இதற்கு உதவத்தான் பல சிமுலேட்டர்களில், நிஜ விமானங்களிலும்கூட, திரையில் நகர்த்தும் குறிக்குப் பக்கத்தில் இரண்டு எண்கள் வரும். அந்தத் தூரத்தில் ரேடார் துழாவும் மேல் உயரமும் கீழ் உயரமும் அவை. குறியைக் கிட்டே இழுத்தால் இரண்டு எண்களும் நெருங்கிவிடும். கிட்டே வர வர, பார்க்கும் வானம் ஒல்லியாகிறது என்று அர்த்தம். முதலில் படிக்க வேண்டிய எண்களே இவைதான். பையன்கள் ஏவுகணைப் பட்டனைத்தான் முதலில் தேடுகிறார்கள்!

இது விளையாட்டோடு முடிகிற சங்கதி இல்லை. 2018 நவம்பர் 16 நள்ளிரவு தாண்டி, நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையேறியது. கடலில் வரும்போதே அதைப் பின்தொடர்ந்தவற்றில் காரைக்கால் வானிலை ரேடாரும் ஒன்று. அங்கிருந்து புதுக்கோட்டை நகரம் ஏறத்தாழ 125 கிலோமீட்டர். தரையை ஒட்டி அரை டிகிரி கோணத்தில் அனுப்பும் கதிர்கூட, பூமி வளைந்திருப்பதால், இங்கே வரும்போது சுமார் 2 கிலோமீட்டர் உயரத்துக்குப் போய்விடும். புயல் எங்கே போகிறது என்று அது காட்டும். ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கம் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்த தரைக்காற்று, அந்தக் கதிருக்குக் கீழே அடித்த காற்று.

சோழீச்சரத்துக்கும் இப்படி ஒரு கதை உண்டு. சாத்தன் பூதி கட்டிய கற்றளி மழையில் இடிந்துபோக, மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்ததாக அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது.

இரண்டாவது முறை சத்தம் கேட்டபோது பேரன் திரும்பவே இல்லை. முன்னால், கொஞ்சம் மேலே பார்த்தான். வெள்ளிப் பொட்டு ஒன்று கிழக்கே போய்க்கொண்டிருந்தது. தாத்தா கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் மறைந்துவிட்டது.

மேலே கடை எதுவும் கிடையாது. தண்ணீர் பாட்டிலைக் கையோடு கொண்டுபோங்கள், காலி பாட்டிலையும் கையோடு கொண்டுவாருங்கள்.