நுண்ணுயிர்க் கோட்டை

'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்பது பழமொழி. கண்ணுக்குப் புலப்படாத பாக்டீரியாக்களிடத்தும் இவ்வுண்மை விளங்கக் காணலாம்.

ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரில் துணி வணிகராய் வாழ்ந்தவர் லீவன்ஹோக். அவர் தாமே தேய்த்துச் செய்த வில்லையைக் கொண்டு, 1683ஆம் ஆண்டில், பல்லிடுக்கில் படிந்த வெண்ணிற அழுக்கை நோக்கினார். அதனுள் எண்ணற்ற சிற்றுயிர்கள் இயங்கின. பின்னர்க் காடியால் வாய் கொப்பளித்தும் அவை முற்றும் அழியவில்லை. காடி மேற்புறத்து உயிர்களை மட்டுமே கொன்றது. உள்ளே புகவில்லை என்று அவர் உணர்ந்தார். அவ்வழுக்கே இன்று 'உயிர்ப்படலம்' எனப்படுவதற்குத் தக்க சான்றாகும்.

பாக்டீரியாக்கள் ஒரு பரப்பைப் பற்றிப் பெருகி, சர்க்கரைப் பொருள்களும் புரதங்களும் கலந்த பசையைச் சுரந்து, அதனுள் குடியிருக்கின்றன. ஸ்டஃபிலோகாக்கஸ் இனத்துள் சிலவற்றின் மேற்புறத்தே நீண்ட புரதங்கள் உள. ஓர் உயிரணுவின் புரதம் அடுத்ததன் புரதத்தோடு கைகோக்கும். இடையில் நின்று அப்பிடியை இறுக்குவது துத்தநாகம். ஆய்வுக்கூடத்தில் துத்தநாகத்தை அகற்றியபோது படலம் உருவாதல் தடைப்பட்டது.

இக்கோட்டையினுள் வாழ்வன மருந்துக்கு எளிதில் மடியா. காரணம் யாது? பசை சில மருந்துகளின் வரவைத் தாமதப்படுத்தும். மேலும், ஆழத்தில் உணவும் உயிர்வளியும் குறைதலின், அங்குள்ளவை மெல்லவே வளரும். மருந்துகளுட் பல, வளர்ச்சிக்குரிய பணிகளையே தாக்குவன. பணி நின்றவிடத்து அவற்றிற்கு வேலை இல்லை. 1944ஆம் ஆண்டில் ஜோசப் பிக்கர் என்னும் அறிஞர், பெனிசிலினுக்கும் மடியாத சில பாக்டீரியாக்களைக் கண்டார். அவற்றின் வழித்தோன்றல்களோ அதே மருந்துக்கு முன்போலவே மடிந்தன. எனவே, பிழைத்தவை மருந்தை வெல்லும் புதுப்பண்பு பெற்றவை அல்ல. துயில்போன்ற நிலையில் ஒடுங்கியிருந்தவையே.

அத்துயிலிலும் புரதங்களின் உறவு உண்டு. எஷ்சரிச்சியா கோலை என்னும் குடல்வாழ் பாக்டீரியாவில் 'ஹிப்-ஏ' என்னும் புரதம், புரத ஆக்கத்திற்கு இன்றியமையாத நொதியொன்றை முடக்கவல்லது. 'ஹிப்-பி' என்னும் மற்றொரு புரதம் அதனைப் பற்றி அடக்கி வைக்கிறது. அடக்குவது குறைந்து அடங்கியது மிகுந்தால், உயிரணுவின் வளர்ச்சி நின்றுவிடும். மருந்து நீங்கியபின் விழித்தெழும் சிலவே மீண்டும் ஒரு கூட்டத்தைத் தோற்றுவிக்கப் போதும்.

இதனால் விளையும் துன்பம் சிறிதன்று. உடலினுள் பொருத்திய செயற்கை மூட்டின்மேல் படலம் படர்ந்தால், மருந்து மட்டும் போதாமல், மூட்டையே அகற்ற நேர்வதும் உண்டு. ஆதலின், உயிரணுக்களைக் கொல்வதோடு, அவற்றைப் பிணைக்கும் பிடியைத் தளர்த்தவும் அறிஞர் வழி தேடுகின்றனர்.

பல்லில் படியும் படலத்திற்கோ எளிய வழி உண்டு. காடி புகாத இடத்தையும் தூரிகையின் உராய்வு கலைத்துவிடும். கலைத்தது மீண்டும் படியும். ஆதலால் பல் துலக்குதல் நாள்தோறும் செய்யவேண்டிய கடனாயிற்று.