தம்பி வாங்கிய மான் துப்பாக்கி

பால்மரக் காட்டு வாத்தியாருக்குத் துப்பாக்கிப் பேச்சு எதற்கு என்று சிரிக்காதீர்கள். இது வீட்டுக் கணக்கைப் பற்றிய சங்கதி.

2019ஆம் ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் வேலை செய்யும் என் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். டிசம்பர் முதல் வாரத்தில் அங்கே உரிமம் பெற்றவர்கள் துப்பாக்கியால் மான் வேட்டையாடலாம். தம்பிக்கும் ஆசை வந்துவிட்டது. உள்ளே புரி வெட்டிய குழலுள்ள புதுத் துப்பாக்கி, அதற்கொரு தொலைநோக்கி, எல்லாவற்றையும் தவணையில் வாங்க நின்றான். வீட்டுக் கடனோ கழுத்தளவு. "அத்தான், நீங்களாவது சொல்லுங்கள்" என்று அவன் மனைவி கண் கலங்கினாள்.

எனக்கென்ன தெரியும்? பக்கத்துப் பண்ணைக் கிழவரிடம் இருவரும் போனோம். அவரிடம் இருந்தது 12 துவாரத் துப்பாக்கி. புரியில்லாத வழுவழுப்பான குழல். 12 என்றால் என்ன தெரியுமா? அந்தக் குழல் வாய்க்குச் சரியான ஈயக் குண்டுகள் 12 சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை! கணக்கு வாத்தியாருக்குக் கேட்கவா வேண்டும்?

மானுக்குச் சில்லறைக் குண்டுகள் போட்ட தோட்டா அல்ல, ஒற்றை ஈயக்கட்டி போட்ட தோட்டா. எடை ஓர் அவுன்ஸ், சுமார் 28 கிராம். 1931இல் கார்ல் ஃபாஸ்டர் என்பவர் சாதாரணக் குழலுக்கென்றே ஒன்று செய்தார். முன்பக்கம் கனம், பின்பக்கம் குடைவு; பூப்பந்து போலத் தலை முன்னே போகும். விலை மலிவு. பிளாஸ்டிக் உறை போட்ட தோட்டா நூறு கஜத்துக்கு அப்பாலும் குறி தவறாது. ஆனால் அதற்குப் புரிக்குழல் வேண்டும், விலையும் இரண்டு மூன்று மடங்கு.

"உன் காட்டில் மான் எத்தனை கஜத்தில் தெரியும்?" என்று கிழவர் கேட்டார். "ஐம்பது" என்றான் தம்பி. "பிறகு எதற்கு நூற்றைம்பதுக்குப் பணம்?"

தம்பி கால் பங்கு விலையில் ஒரு பழைய துப்பாக்கி வாங்கினான். வாய் குறுகலில்லாத குழல். இரண்டு வகைத் தோட்டாவில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, 50 கஜத்தில் காகிதத்தைச் சுட்டுப் பார்த்தான். மூன்று ஓட்டையும் உள்ளங்கைக்குள் அடங்கிய வகையையே வைத்துக்கொண்டான். மிச்சப் பணத்தில் ஆரஞ்சு நிறச் சட்டை. அது அங்கே கட்டாயம்.

மூன்றாம் நாள் வெறுங்கையோடு வந்தான். "மான் நின்றது அண்ணே. பின்னால் ஒரு வீட்டுக் கூரை தெரிந்தது. சித்தப்பா ஞாபகம் வந்தது; சுடவில்லை" என்றான். எங்கள் தோட்டத்தில் பன்றி வேட்டையின்போது லாலான் அசைந்ததைப் பார்த்து யாரோ சுட, கால் இழந்தவர் எங்கள் சித்தப்பா. அன்றிரவு தம்பி மனைவி எங்களுக்குக் கோழிக்கறி ஆக்கிப் போட்டாள்.

நம் தீபகற்பத்தில் மானையும் கேளையாட்டையும் வேட்டையாட 2009இல் தடை விதித்தார்கள். உரிமமில்லாத துப்பாக்கியோ குடும்பத்தையே அழித்துவிடும். ஆகவே யாரும் துப்பாக்கி தேடிப் போகாதீர்கள். ஆனால் மோட்டார் சைக்கிளோ கைப்பேசியோ, தவணைக் காகிதத்தில் கையெழுத்துப் போடுமுன், நமக்கு வேண்டிய தூரம் எத்தனை கஜம் என்று ஒருமுறை அளந்து பாருங்கள்.